நான்கு நியூத்திரன்களை எண்ணுவது எப்படி
(மட்டக்களப்பில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2023 ஆகஸ்ட் இறுதியில் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில் ஒட்சிசன்-28 என்ற அணுக்கருவை முதன்முதலாகக் கண்டதாக அது அறிவித்தது. நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனில் பெரும்பாலானவற்றின் கருவில் எட்டுப் புரோத்தன், எட்டு நியூத்திரன். ஒட்சிசன்-28 இல் புரோத்தன் அதே எட்டுத்தான், நியூத்திரன் இருபது. இப்படி ஒரு கரு தரிக்காது. உண்டான கணமே நான்கு நியூத்திரன்களை உதறிவிட்டு ஒட்சிசன்-24 ஆகிவிடும். ஆகவே ஒட்சிசன்-28 ஐ நேரே கண்டவர் எவருமில்லை. ஓர் ஒட்சிசன்-24 உம் அதோடு ஒரே வேளையில் புறப்பட்ட நான்கு நியூத்திரன்களும் வந்து சேர்ந்தன. ஐந்தின் வேகத்தையும் திசையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இவை ஒரே கருவாக இருந்து பிரிந்தவை என்று முடிவு கட்டினார்கள்.

எட்டும் இருபதும் அணுக்கருப் பௌதிகவியலில் ‘மாய எண்கள்’. புரோத்தன் தொகையும் நியூத்திரன் தொகையும் இரண்டுமே மாய எண்ணாக இருந்தால் கரு இறுக்கமாக நிற்கும் என்பது பாடநூல் விதி. ஒட்சிசன்-28 அந்த விதிக்கு இணங்கவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கு இன்னொரு மாலை வேண்டும். நான் பேச வந்தது அந்தக் கட்டுரையில் பலர் வாசிக்காமல் தாண்டிப் போகும் பகுதியைப் பற்றி: அந்த நான்கு நியூத்திரன்களையும் எதை வைத்து எண்ணினார்கள்?

நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. பாடத்தில் இது ஒரு வரி. ஆய்வுகூடத்தில் எல்லாத் தலையிடிக்கும் வேர் இதுதான். புரோத்தனோ அல்பாத் துணிக்கையோ ஒரு பொருளுக்குள் நுழைந்தால் போகிற வழியெல்லாம் இலத்திரன்களைக் கிளப்பிவிட்டுப் போகும். அந்தத் தடத்தை மின்துடிப்பாக மாற்றிவிடலாம். நியூத்திரன் இலத்திரன்களைச் சட்டை செய்வதே இல்லை. ஏதாவது ஓர் அணுக்கருவில் நேரே மோதினால்தான் உண்டு. கருவின் குறுக்களவோ அணுவின் குறுக்களவில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிவேக நியூத்திரன் ஒன்று திண்மப் பிளாஸ்டிக்குக்குள் சராசரியாக முக்கால் மீற்றர் தூரம் எதையும் தொடாமலே போய்விடும்.

பௌர்ணமி இரவில் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு வைத்துக்கொள்வதை இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீனை யாரும் காண்பதில்லை. துடுப்பு அதிர்வதைக் கேட்கிறோம். நியூத்திரன் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நியூத்திரன் மோதி உதைத்துத் தள்ளிய புரோத்தனைக் கண்டு, வந்தது யார் என்று ஊகிக்கிறோம். (விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வாவியின் இசையைப் பாட்டாகப் பாடியவர், யாழின் சுருதிகளைக் கணக்காகவும் போட்டு 1947 இல் ‘யாழ் நூல்’ தந்தார். கேட்டதை எண்ணாக மாற்றும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல.)

1932 இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் நியூத்திரனைக் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான். பொலோனியத்திலிருந்து வரும் அல்பாத் துணிக்கைகளைப் பெரிலியத்தில் விழச்செய்தால் அங்கிருந்து ஊடுருவும் கதிர் ஒன்று கிளம்பும். பாரிசில் ஐரீன் கியூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் அதன் வழியில் பரஃபின் மெழுகை வைத்தார்கள். மெழுகிலிருந்து புரோத்தன்கள் தெறித்தன. கதிர் காமாக் கதிராக இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவ்வளவு பாரமான புரோத்தனை அப்படித் தெறிக்கவிடக் காமாவால் இயலாது என்று சாட்விக் கணக்கிட்டார். புரோத்தனுக்கு ஏறத்தாழச் சமமான திணிவுள்ள, மின்னேற்றமில்லாத ஒன்றுதான் மோதியிருக்க வேண்டும். மெழுகு என்பது ஐதரசனும் காபனும். தொண்ணூறு ஆண்டு கழித்து ரிக்கெனில் ஒட்சிசன்-28 ஐக் கண்ட கருவியும் ஐதரசனும் காபனுந்தான், மெழுகுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்.

இலங்கைக்கும் இந்தக் கதையில் சிறிய பங்கு உண்டு. கலையியல் அறிஞராகப் பெயர் பெறுமுன் ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தார். தோரியனைற்று என்ற கதிரியக்கக் கனிமம் அறிவுலகுக்குத் தெரியவந்தது அந்த நாட்களில், அவர் மூலமாக. இலங்கையிலிருந்து போன அந்தக் கனிமத்தில் பிரித்தெடுத்த பொருளை வைத்து 1905 இல் இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓர் இளைஞர் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டார். அவர் பெயர் ஒட்டோ ஹான். அதே ஹான் 1938 டிசம்பரில் பெர்லினில் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனியத்தில் நியூத்திரனை விட்டுப் பேரியத்தைக் கண்டார். அணுப்பிளவின் கதை அங்கே தொடங்குகிறது.

எல்லா நியூத்திரனும் ஒன்றல்ல. ஆற்றலை அளக்க மெகா இலத்திரன்வோல்ட் என்ற அலகு உண்டு; இனி ‘மெகா’ என்றே சொல்கிறேன். அணுப்பிளவில் பிறக்கும் நியூத்திரனுக்குச் சராசரியாக 2 மெகா. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் உள்ள அணு உலையை ‘வேக உலை’ என்கிறார்களே, அந்த வேகமும் இந்த மட்டத்துக்குரியது. இவற்றை அளக்க டில்லியில் ஒரு நல்ல கருவித் தொகுதி இருக்கிறது: திரவ மினுக்கிகள் (துணிக்கை பட்டால் ஒளி விடும் திரவக் குடுவைகள்) நூறு, துணிக்கைகள் வந்து மோதும் இலக்கைச் சூழ 175 சென்ரிமீற்றர் தொலைவில் கோள வடிவான சட்டத்தில் பொருத்தியிருக்கிறார்கள். கரு பிளவுபட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது போன்ற கேள்விகளுக்கு அது போதும். ஒட்சிசன்-28 போன்றவை பிறக்கும் இடத்தில் கதை வேறு. அங்கே கரு ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் பறந்துகொண்டிருக்கும்போதே உடைகிறது. உதிரும் நியூத்திரனும் அதே வேகத்தில் முன்னோக்கிப் பறக்கிறது. 200 மெகா முதல் 1000 மெகா வரை. இவற்றுக்குக் கைப்பிடி அளவுக் குடுவை போதாது. மீற்றர் கணக்கில் தடிப்பு வேண்டும்.

அந்தத் தடிப்பை எப்படிக் கட்டுவது என்பதே இந்தத் துறையின் நாற்பதாண்டு வரலாறு. ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஜி.எஸ்.ஐ. ஆய்வு மையம் இருக்கிறது. 1990 களின் தொடக்கத்தில் அங்கே ‘லாண்ட்’ என்ற கருவி வந்தது. 2 மீற்றர் நீளமான 200 பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் இரும்புத் தகடும் பிளாஸ்டிக் தகடும் மாறி மாறி. இரும்பில் கருக்கள் நெருக்கம் என்பதால் நியூத்திரன் அதில் மோதும். தெறிக்கும் புரோத்தன் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் மினுக்கும். இலிதியம்-11 போன்ற விநோதமான கருக்களை அறிய லாண்ட் நன்றாகவே உழைத்தது. 1985 இல் இசாவோ தனிஹாட்டா குழுவினர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அளந்தபோது, பதினொரு துணிக்கை மட்டுமே கொண்ட அந்தக் கரு எதிர்பார்த்ததைவிட மிகப் பருத்திருந்தது. இரண்டு நியூத்திரன்கள் உள்ளே ஒட்டாமல் வெளியே பரந்து நிற்கின்றன என்பது அதற்குச் சொன்ன விளக்கம். அந்த இரண்டையும் உதிர்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் விளக்கம் மெய்யா என்று தெரியும்.

லாண்டுக்கு அடுத்தது ‘நியூலாண்ட்’. இதில் இரும்பே இல்லை. 250 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் தடிப்பு, இது ஒரு பட்டை. முழுத் திட்டத்துக்கு இப்படி 3000 பட்டைகள். ஓர் அடுக்கில் 50 கிடையாக, அடுத்ததில் 50 நிமிர்ந்து என்று 60 அடுக்கு; 3 மீற்றர் ஆழம். பிளாஸ்டிக் மட்டுமே ஏறத்தாழ 19 தொன். ஒவ்வொரு பட்டைக்கும் இரு முனையிலும் ஒளியை மின்துடிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய், ஆகமொத்தம் 6000. இவற்றில் முதலில் முடிந்த 400 பட்டைகளைத்தான் ஜப்பானுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த ‘நெபியூலா’ என்ற கருவியோடு சேர்த்து நிறுத்தி ஒட்சிசன்-28 இன் நியூத்திரன்களைப் பிடித்தார்கள்.

ஒரு பட்டையைக் கிட்ட வந்து பார்ப்போம். பார்வைக்குக் கண்ணாடிபோலத் தெளிவு, ஓரத்தில் மெல்லிய நீலம். உள்ளே கலந்திருக்கும் சாயம் அடிபட்டால் சில நானோசெக்கனுக்கு நீலமாய் மினுக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் நாளடைவில் நுண்ணிய வெடிப்பு விழும். பக்கங்களை வழுவழுப்பாகத் தேய்த்து, பளபளக்கும் தாளால் சுற்றி, அதன் மேல் கறுப்பு நாடா. முனையில் குழாயை ஒட்டும்போது நடுவில் ஒரு காற்றுக்குமிழி அகப்பட்டால் ஒளி அங்கேயே திரும்பிவிடும். கழற்றித் துடைத்து மறுபடி ஒட்ட வேண்டும். பிறகு ஒளிக்கசிவு தேடும் வேலை. அறையை இருட்டாக்கி, குழாய்க்கு மின்னழுத்தம் கொடுத்து, ஒருவர் கைவிளக்கை நாடாவின் ஒவ்வொரு பொருத்தின் மேலும் மெல்ல நகர்த்துவார். இன்னொருவர் அலைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். துடிப்பு திடீரெனப் பெருகிய இடத்தில் ஓட்டை. ஒட்டு, மறுபடி தேடு. பட்டை மூவாயிரமானாலும் இரண்டானாலும் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் வேறு. உயர் மின்னழுத்தம் செல்லும் குழாயின் அடித்தளத்தில் ஈரம் படிந்தால் மின் கசிந்து பொய்த் துடிப்பு வரும். கருவியை வைக்கும் அறையில் ஈரமகற்றியும், மின்வெட்டுக்கு மாற்று வழியும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

இரு முனையிலும் குழாய் எதற்கு? பட்டைக்குள் ஒளி நானோசெக்கனுக்கு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் முன்னேறும். நடுவில் மினுக்கினால் இரண்டு முனைக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். ஒரு முனைக்கு 1 நானோசெக்கன் முந்திப் போனால் மோதல் நடுவிலிருந்து அந்தப் பக்கமாக ஏழெட்டு சென்ரிமீற்றர் தள்ளி நடந்திருக்கிறது. இரண்டு நேரங்களின் வித்தியாசம் இடத்தைத் தரும். சராசரி, வந்து சேர்ந்த நேரத்தைத் தரும். புறப்பட்ட நேரம் இலக்கில் தெரியும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

கேட்க எளிது. 600 மெகா நியூத்திரன் ஒளிவேகத்தில் 79 வீதத்தில் போகிறது. 15 மீற்றரைக் கடக்க அதற்கு 63 நானோசெக்கன். இந்த நேரத்தில் 150 பிக்கோசெக்கன் பிழை விட்டால், அதாவது ஒளி நாலரை சென்ரிமீற்றர் போகும் நேரம் பிசகினால், ஆற்றலில் 6 மெகா பிசகும். ஒட்சிசன்-28 உடையும்போது வெளிவரும் ஆற்றலோ அரை மெகா அளவுதான். அப்படியானால் எப்படி அளந்தார்கள் என்று ஒரு மாணவர் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆய்வுகூடத்தில் நிற்கும் நமக்குத்தான் அது 6 மெகா. பறக்கும் கருவோடு கூடவே பறக்கும் ஒருவர் நிலையிலிருந்து கணக்கிட்டால் அந்தப் பிழை ஒரு மெகாவில் சிறு பின்னமாகச் சுருங்கிவிடும். சார்பியல் பாடநூலின் அலங்காரப் பொருள் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் பரிந்துரைக்கிறேன்.

கருவியை 35 மீற்றருக்குப் பின்தள்ளினால் பிழை பாதிக்கும் கீழே குறையும். ஆனால் நியூத்திரன்கள் விசிறிபோல விரிந்து வருகின்றன. தூரம் கூடக்கூட ஓரத்தில் வருபவை கருவிக்கு வெளியே போய்விடும். எந்தத் தூரத்தில் நிறுத்துவது என்பது ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனி வழக்கு.

இனித்தான் எண்ணும் பிரச்சினை. ஒரு நியூத்திரனைப் பிடிக்கும் வாய்ப்பு 40 வீதம் என்று வையுங்கள். நான்கையும் ஒருங்கே பிடிக்கும் வாய்ப்பு இரண்டரை வீதம் சொச்சம். ஒன்றைப் பிடிக்கும் வாய்ப்பை 95 வீதமாக்கினால் நான்கையும் பிடிக்கும் வாய்ப்பு 81 வீதத்துக்கு ஏறிவிடும். 3 மீற்றர் ஆழம் ஏன் என்று இப்போது புரியும். ஆழம் கூடினால் இன்னொரு தொல்லையும் கூடவே வரும். ஒரே நியூத்திரன் முதலில் ஒரு பட்டையில் மோதி, திசை மாறி, ஒரு மீற்றர் தள்ளி இன்னொரு பட்டையில் மறுபடி மோதும். பட்டைகள் இரண்டும் மினுக்கும். வந்தது ஒன்றா, இரண்டா?

இந்த மயக்கம்தான் துறையில் பலரின் தூக்கத்தைக் கெடுத்தது. நாலு நியூத்திரன் வந்ததாகச் சொல்வதற்கு, மூன்று வந்து அதில் ஒன்று இரட்டை வேடம் போடவில்லை என்று காட்ட வேண்டும். கையாளும் தந்திரங்களில் ஒன்று இது: இரண்டு மினுக்கங்களுக்கிடையே உள்ள தூரத்தையும் நேரத்தையும் பார். இரண்டாவது மினுக்கம், முதலாவதிலிருந்து சிதறிய நியூத்திரன் நடந்துபோகக்கூடிய வேகத்துக்குள் இருந்தால் சந்தேகத்துக்குரியது; தள்ளிவிடு. அந்த வேகத்தில் எட்டவே முடியாத இடத்தில் இருந்தால் அது வேறொரு நியூத்திரன். இந்தச் சல்லடையில் நல்லவையும் பல அடிபட்டுப் போகும். அதற்கு மனம் தளராமல், எவ்வளவு அடிபட்டது என்பதைக் கணினிப் போலிப் பரிசோதனையில் மதிப்பிட்டுத் திருத்த வேண்டும். இன்னொரு தந்திரம் மொத்த ஒளியைக் கூட்டிப் பார்ப்பது. நியூத்திரன் கூடினால் மொத்த ஒளியும் மினுக்கிய பட்டைத் திரள்களின் எண்ணிக்கையும் கூடும். இரண்டையும் சேர்த்து ஒரு வரைபில் இட்டால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஓரளவு பிரிந்து நிற்கும். இது சரியாக வேலை செய்ய வேண்டுமானால் விழுகிற ஆற்றல் எல்லாம் ஒளியாக வெளியே வர வேண்டும். இரும்பில் விழுந்தது விழுந்ததுதான், வெளியே தெரியாது. நியூலாண்ட் இரும்பைக் கைவிட்டதற்கு முக்கிய காரணம் இதுவே.

இந்த இடத்தில் கொல்கத்தா வருகிறது. இந்தியா ஜேர்மனியின் ‘ஃபேர்’ என்ற பெரிய துணிக்கை முடுக்கித் திட்டத்தில் 2010 இல் பங்காளியானது. அந்தத் திட்டத்துக்கான நியூலாண்டுக்கு அந்தக் காலத்தில் இரண்டு யோசனைகள் போட்டியிட்டன. ஒன்று முழுப் பிளாஸ்டிக். மற்றது இரும்பை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக்குக்குப் பதில் மெல்லிய கண்ணாடித் தகடுகள். தகடுகளுக்கிடையே மயிரிழை போன்ற இடைவெளியில் வாயு. குறுக்கே பல ஆயிரம் வோல்ட். இரும்பில் தெறித்த புரோத்தன் வாயுவைக் கடக்கும்போது இலத்திரன் வெள்ளம் பெருகித் துடிப்புத் தரும். மலிவு, நேர அளவிலோ மகா துல்லியம். இந்த இரண்டாவது யோசனையில் உழைத்தவர்களில் கொல்கத்தா சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் உஷாசி தத்தாவின் குழுவும் ஒன்று. மாதிரிக் கருவியைக் கட்டி, டிரெஸ்டன் அருகே உள்ள முடுக்கியின் இலத்திரன் கற்றையில் நிறுத்திச் சோதித்தார்கள். மாதிரி நன்றாகவே வேலை செய்தது. இறுதியில் தெரிவானது பிளாஸ்டிக்.

இதைத் தோல்விக் கதையாக நான் சொல்லவில்லை. எந்தப் பெரிய கருவிக்கும் பின்னால் கைவிடப்பட்ட நல்ல யோசனை ஒன்றாவது இருக்கும். அதைக் கட்டிப் பார்த்து எண்ணை எடுத்து மேசையில் வைத்தால்தான், தெரிவானது ஏன் தெரிவானது என்று எவராலும் சொல்ல முடியும். கண்ணாடித் தகட்டுக் கருவியின் உறவுமுறை தமிழ்நாட்டுக்காரருக்குத் தெரியும்: தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இதே இனத்துத் தகடுகளைத்தான் ஆயிரக்கணக்கில் செய்ய நினைத்தார்கள், அதன் சிறு மாதிரி மதுரையில் இருக்கிறது. நியூட்ரினோ வேறு, நியூத்திரன் வேறு என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லிவைக்கிறேன். அந்தத் திட்டத்தைப் பற்றிய விவாதங்களில் இரண்டையும் குழப்பிப் பேசியவர்கள் இரு தரப்பிலும் உண்டு.

பிளாஸ்டிக் என்றதும் உதகமண்டலத்தையும் விட்டுவிட முடியாது. அங்கே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘கிரேப்ஸ்-3’ காஸ்மிக் கதிர் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 2200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 400 பிளாஸ்டிக் மினுக்கிகள் மலைச்சரிவில் 8 மீற்றர் இடைவெளியில் பரவிக்கிடக்கின்றன. மினுக்கும் பிளாஸ்டிக்கை வெளிநாட்டில் வாங்குவதை விட்டு அங்கேயே செய்யப் பழகிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு அதில் மிகப் பிடித்தது. 2014 டிசம்பரில் மேலே கடந்துபோன ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை அந்த நிலையத்தில், காஸ்மிக் கதிரில் வந்து சேரும் மியூவன் என்ற மின்னேற்றத் துணிக்கைகளை எண்ணியே மதிப்பிட்டார்கள்: 130 கோடி வோல்ட்.

‘இதெல்லாம் ஜேர்மனி, ஜப்பான், டாட்டா, நமக்கு முடுக்கியே இல்லையே’ என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம். ஆனால் முடுக்கி இல்லாதவர்களும் கருவி கட்டலாம்: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு முடுக்கி உண்டு. அங்கே 2000 களின் தொடக்கத்தில் ‘மோனா’ என்ற நியூத்திரன் கருவியைக் கட்ட முடிவானது. 2 மீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் சதுரம்; 16 வரிசை, 9 அடுக்கு; மொத்தம் 144 பட்டை. வேலையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டவை பெரும்பாலும் பட்டப்படிப்பு மட்டுமே நடத்தும் சிறு கல்லூரிகள். மிச்சிகனில் ஹோப் கல்லூரி, மினசோட்டாவில் கொன்கோடியா கல்லூரி என்று நம் ஊரில் எவரும் கேள்விப்படாத பெயர்கள். பட்டைகளைச் சுற்றியதும், சோதித்ததும், அடுக்கியதும் அந்தக் கல்லூரிகளின் முதற்பட்ட மாணவர்கள். 2003 இல் கருவி தயார். அதிலிருந்து வந்த முடிவுகளில் பெரிலியம்-16 இரண்டு நியூத்திரன்களைச் சேர்த்தே உமிழ்கிறது என்ற 2012 ஆம் ஆண்டு முடிவு பலமாக விவாதிக்கப்பட்டது. பட்டைகள் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ஒவ்வொன்றும் தனியாகவே வேலை செய்யும். ஆகவே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஊருக்கு ஊர் அனுப்பலாம். முடுக்கியை இப்படிப் பிரிக்க முடியாது, உணர்கருவியைப் பிரிக்கலாம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பௌதிகவியல் துறை இருக்கிறது, அதைச் சுற்றி விஞ்ஞான வகுப்பு நடத்தும் பாடசாலைகள் இருக்கின்றன. நாமும் அப்படிப் பங்கிட்டுக் கட்டலாம்: என் வாதம் முழுவதும் இதுதான்.

முடுக்கி இல்லை என்ற முணுமுணுப்பை நியாயம் என்றேன். அது பாதி உண்மை. வானத்தில் ஒன்று இருக்கிறது, கட்டணமும் இல்லை. விண்வெளியிலிருந்து வரும் புரோத்தன்கள் வளிமண்டலத்தின் உச்சியில் நைதரசனையும் ஒட்சிசனையும் உடைக்கின்றன. அதில் பிறக்கும் அதிவேக நியூத்திரன்கள் நம் தலையில் இரவு பகலாக விழுகின்றன. கடல்மட்டத்தில் நியூயோர்க்கில், 10 மெகாவுக்கு மேற்பட்டவை மட்டும் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு மணிக்கு ஏறத்தாழ 13. கணினி நினைவகத்தில் எப்போதாவது ஓர் எண் தானாகத் தடம் மாறுவதற்கு இவை ஒரு காரணம் என்பதால் மின்னணுத் தொழிற்றுறை இந்த எண்ணிக்கையில் கண்ணாயிருக்கிறது. நம் பகுதியில் எண்ணிக்கை இதில் பாதி அளவே. பூமியின் காந்தப் புலம் காந்த நடுக்கோட்டை ஒட்டிய இந்தப் பிரதேசத்தில்தான் மிகக் கடுமையான காவல்: காந்தப் புலத்தில் வளையாத வலு (உந்தத்தை மின்னேற்றத்தால் வகுத்த அளவு) 17 கிகாவோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட புரோத்தன்கள் உள்ளே வரமுடியாது. உலகிலேயே மிக உயர்ந்த வாசற்படிகளில் இது ஒன்று. நமக்குக் கிடைப்பவை மிக வலிமையான கதிர்களின் பிள்ளைகள் மாத்திரம்.

தாய்லாந்துக்காரர் இதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். தோய் இந்தனோன் மலையில் 2565 மீற்றர் உயரத்தில், 18 எண்ணிகள் கொண்ட நியூத்திரன் நிலையம் 2007 முதல் இயங்குகிறது. அங்கே உள்ள முறை ஜோன் சிம்சன் 1948 இல் சிக்காகோவில் உருவாக்கிய முறையின் வழிவந்தது. அதிவேக நியூத்திரனை ஈயத்தில் மோதவிடு. ஈயக் கரு சூடேறி மெதுவான நியூத்திரன்கள் பலவற்றை உமிழும். பொலித்தீனில் அவற்றை இன்னும் மெதுவாக்கு. கடைசியில் போரன் கலந்த வாயுக் குழாய் அவற்றை விழுங்கி அல்பாவைத் தரும். தனி நியூத்திரனின் வேகம் இதில் தெரியாது, எண்ணிக்கை மட்டும் தெரியும். ஆனால் பல ஆண்டு நிறுத்தாமல் ஓடும். சூரியனின் பதினொரு ஆண்டுச் சுழற்சி அதில் ஏறி இறங்கும்.

எண்ணிக்கைக்கு வயலிலும் வேலை உண்டு. மேலிருந்து வரும் நியூத்திரன்கள் நிலத்தில் மோதி மெதுவாகித் திரும்பிக் காற்றில் அலைகின்றன. மண்ணில் தண்ணீர் கூடினால், தண்ணீரின் ஐதரசன் அவற்றை மளமளவென்று மெதுவாக்கி விழுங்கிவிடும். காற்றில் எண்ணிக்கை விழும். 2008 முதல் இந்த முறையில் மண் ஈரத்தை அளக்கிறார்கள். ஒரு கம்பத்தில் ஒரு கருவி, சுற்றிவர நூறு மீற்றர்களுக்கு மேல் சராசரி ஈரம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாரிபோகத்துக்கு முன் நிலம் காய்ந்து கிடக்கும்போது ஓர் எண்ணிக்கை, முதல் மழைக்குப் பிறகு வேறோர் எண்ணிக்கை வரும். அதே கருவியைத் தோணியில் வைத்து வாவியின் நடுவே கொண்டுபோனால், மண்ணின் செல்வாக்கே இல்லாத அடிமட்ட எண்ணிக்கை கிடைக்கும். மற்ற நாடுகளில் அதற்கென்று ஏரி தேடிப் போகிறார்கள். நமக்கு எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒன்று கிடக்கிறது.

ஆனால் நான் முதலில் தொடங்கச் சொல்வது அதிவேக நியூத்திரனில், ஒரே ஒரு பட்டையோடு. 1 மீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் தடிப்பு. அதன் மேலே மெல்லிய மினுக்கித் தட்டு ஒன்று, மூடிபோல. மின்னேற்றமுள்ளது எது வந்தாலும் தட்டும் மினுக்கும், பட்டையும் மினுக்கும். தட்டு பேசாமலிருக்கப் பட்டை மட்டும் பெரிதாக மினுக்கினால், வந்தது மின்னேற்றமில்லாதது. சிறு துடிப்புகள் பெரும்பாலும் காமா. 10 மெகாவுக்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுத்தால் அநேகமாக நியூத்திரன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கடல்மட்டத்தில் மியூவன்கள் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஒன்று. நம் பட்டையின் மேற்பரப்பு 1000 சதுர சென்ரிமீற்றர்; நிமிடத்துக்கு 1000 மியூவன், மணிக்கு 60,000. பட்டையை அளவுதிருத்தம் செய்ய இவை அருமை. ஒரு பிற்பகலுக்குள் இரு முனைக் குழாய்களையும் சமப்படுத்திவிடலாம். நியூத்திரனோ மணிக்கு ஆறாயிரம் அளவில் விழும். 10 சென்ரிமீற்றர் தடிப்பில் எட்டில் ஒன்று மோதும். 10 மெகா என்ற வரம்பும் கூரையும் வேறு கழித்துக்கொள்ளும். மிஞ்சுவது மணிக்குச் சில நூறு. மூடித் தட்டு நூறு மியூவனில் ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கு 600 பொய் நியூத்திரன்! உண்மையானவற்றின் அளவுக்குப் பொய்யும் வந்துவிடும். ஆயிரத்தில் ஒன்று தவறினால் மணிக்கு 60, அதைக் கழித்துவிடலாம். ஆகவே பட்டையில் கை வைக்குமுன் மூடியைச் செய்யுங்கள். பட்டையின் ஓரங்களைத் தாண்டி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி பெரிதாகச் செய்யுங்கள். அதன் கீழும் மேலும் இரு சிறு மினுக்கிகளை வைத்து, இரண்டும் மினுக்கும்போது நடுவிலுள்ள மூடி எத்தனை முறை பேசாமலிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே வரும்வரை பட்டை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.